மலைக்குக் கிண்டிய களி

பூமித்தாயின் வயிற்றிலிருந்து எடுத்ததை அவள் வயிற்றுக்கே திருப்பிக் கொடுத்த மகான்கள் உலக சரித்திரத்தில் மிகச் சிலரே. அவர்களில் முதல் வரிசையில் முதல் நாற்காலியில் உட்கார வைக்கத்தக்கவர், கொல்லிமலைக் காந்தக்கல் சுரங்கத்தின் மானேஜர் ஸ்ரீமான் கனகசபாபதி அவர்கள். இதை நான் சொல்லவில்லை. அவரே சொன்னார். இங்கிலீஷில் சொன்னார். நெடுநேரம் நீண்ட அந்தப் பேச்சைக் குமாஸ்தா அர்த்தனாரி தமிழில் எடுத்துச் சொன்னபோது, "சக்கை மண்ணைக் குழியில போட்டு மூடப் போறமுங்க" என்று ஒரே மூச்சில் முடிந்துவிட்டது.

அது சண்டைக் காலம். ஜெர்மனிக்காரனை அடிக்க இரும்பு வேண்டும் என்று எங்கோ யாரோ சொல்லப் போக, அந்தச் சொல் மலைமேல் குண்டனி நாடு என்கிற ஊர்த்தொகுதியில் ஒரு கம்பெனியாக முளைத்தது. அப்போது மலைக்கு ரோடு கிடையாது. கல் இடிக்கும் மிஷினைக் கழற்றி, துண்டு துண்டாகத் தலைச்சுமையில் ஏற்றி, மேலே கொண்டு வந்து மாட்டியபோது ஒரு கூடைத் திருகாணி மிச்சமாயிற்று. மிஷின் ஓடத்தான் செய்தது. மலையைக் குடைந்து எடுத்த கல்லை அது பொடியாக இடிக்கும்; இரும்புள்ள பொடியைக் காந்தம் பிடித்துக்கொள்ளும்; பிடிபடாத கறுப்பு மணல் ஒதுங்கி விழும். ஆபீஸில் அந்த மணலுக்கு நீளமான ஓர் இங்கிலீஷ் பெயர் இருந்தது. ஊரில் அதற்குச் சக்கை என்று பெயர். கரும்பை ஆட்டினால் சாறு அதிகம், சக்கை குறைவு. இங்கே தலைகீழ். குவிந்து கிடந்த சக்கை, மழை பெய்தால் ஓடையில் இறங்கி, பள்ளத்து நெல் வயல்களில் போய்க் கால் நீட்டிப் படுத்துக்கொண்டது.

மானேஜரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். அவர் பிறந்தது மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சியில். தாய்மொழி தமிழ், கல் தடுக்கினால் வாயில் வருகிற மொழியும் அதுவே. ஆனால் சீமைக்குப் போய்ச் சுரங்கப் படிப்புப் படித்துவிட்டு வந்த நாளிலிருந்து அவர் கூலியாட்களிடம் தமிழ் பேசுவதில்லை. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அவர்கள் பேசுகிற தமிழ் தமக்குப் புரிவதும் இல்லை என்று வைத்துக்கொண்டார். அவர் இங்கிலீஷில் சொல்வார், ராசிபுரத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது பாரம் வரை எட்டிப் பார்த்துவிட்டு வந்த அர்த்தனாரி அதைத் தமிழாக்குவார். கூலியாட்கள் தமிழில் பதில் சொல்வார்கள், அர்த்தனாரி அதை இங்கிலீஷாக்குவார். அந்த இடத்தில் இரண்டு மொழியும் ஒழுங்காகத் தெரிந்த ஒரே ஆள், ஒருபோதும் கழற்றாத சீமைத் தொப்பியோடு, ஒன்றுமே புரியாதவர் போல முகத்தை வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

"மானேஜரு எந்த ஊருங்க?" என்று யாராவது கேட்டால், அர்த்தனாரி ஆகாயத்தைக் கை காட்டுவார்.

இந்த ஏற்பாடு நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது, அத்தாயியின் ஆட்டுப்பட்டி முழங்கால் ஆழம் கீழே இறங்கும் வரைக்கும்.

அத்தாயியும் அவள் புருஷன் செங்கோடனும் சுரங்கத்துக்கு மேலே சரிவில் குடியிருந்தார்கள். கம்பெனி மலையின் பக்கவாட்டில் நுழைந்து, கல் போன போக்கில் குடைந்துகொண்டே போய், அவர்கள் வீட்டுக்கு நேர் கீழே ஒரு கோயில் மண்டபத்தளவு வெற்றிடத்தை உண்டாக்கிவிட்டது. மேலே மண் உட்காரத் தொடங்கியது. ஒரு நாள் காலையில் பார்த்தால் பட்டி இறங்கியிருக்கிறது. வீட்டுச் சுவரில் கூரையிலிருந்து தரை வரை விரல் நுழைகிற விரிசல். ஆடுகள் மட்டும், வேலி ஏன் திடீரென்று உயர்ந்துவிட்டது என்ற வருத்தத்தோடு நின்றுகொண்டிருந்தன.

மானேஜர் வந்தார். பார்த்தார். இங்கிலீஷில் பேசினார்.

"ஊட்டுக்கு அடியில வெறுங்குழிங்க. ஊட்டைக் காலி பண்ணச் சொல்றாரு ஐயா" என்றார் அர்த்தனாரி.

"காலி பண்ணிப்போட்டு எங்கீங்க போறது?" என்றாள் அத்தாயி.

"செங்கோடனுக்கு அண்ணன் ஊடு இருக்குதில்ல. பெரிய ஊடாச்சே."

"அந்த ஊட்டுக்குங்களா? அதுக்கு நான் இந்தக் குழிக்குள்ளயே உளுந்துக்கறேனுங்க. கல்லாச்சும் ஒரே தடவையில கொன்னுபோடும்."

விஷயம் இதுதான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அத்தாயி இருந்தது அந்த அண்ணன் வீட்டில். அண்ணன் பெண்டாட்டி பாப்பாயி. ஒரே அடுப்பு, இரண்டு பேர். களி வேகவில்லை என்பாள் ஒருத்தி. வெந்த களியைத் தின்னத் தெரியவில்லை என்பாள் இன்னொருத்தி. உப்பு யார் போட்டது என்பதில் தொடங்கி, யார் பிறந்த வீட்டில் உப்பே கிடையாது என்பது வரை நாள்தோறும் போகும். அந்த வீட்டை விட்டு வெளியே வர வேண்டும் என்ற ஒரே வைராக்கியத்தில், அத்தாயி தானே மண் குழைத்து, தானே சுவர் வைத்து இந்த வீட்டைக் கட்டினாள். செங்கோடன் கூரைக்கு மூங்கில் வெட்டினான். அதைப் பற்றி இன்னமும் பேசிக்கொண்டிருந்தான். இப்போது வீடு போனால், மூட்டையைத் தூக்கிக்கொண்டு பாப்பாயியின் வாசலில் போய் நிற்க வேண்டும். அதைவிட அத்தாயிக்கு வேறு நரகம் கிடையாது.

அர்த்தனாரி இதையெல்லாம் இங்கிலீஷில் சொல்ல முயன்று, "அவளுக்கு அந்த வீட்டில் உப்பு பிடிக்கவில்லை" என்ற அளவில் நிறுத்திக்கொண்டார். மானேஜருக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. சீமையிலிருந்து வந்து இந்த வேலை கிடைக்கும் வரை அவரும் அண்ணன் வீட்டில்தான் சாப்பிட்டார். அந்தச் சோறு தொண்டையில் எந்த இடத்தில் நிற்கும் என்பது அவருக்குத் தெரியும். 

அவருக்கும் ஒரு கவலை இருந்தது. மழை விட்டதும் சுரங்கங்களைப் பார்வையிடும் வெள்ளைக்காரத் துரை வருகிறார். வீடு இருக்கிற நிலையில் அவர் பார்த்தால் சுரங்கத்தின் அந்தப் பகுதியை இழுத்து மூடச் சொல்வார். மூடினால் கம்பெனி மானேஜரை வீட்டுக்கு அனுப்பும். வீடு என்றால் அண்ணன் வீடு.

ஆக, ஒரே குழிக்கு மேலே இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

அன்றைக்குத்தான் மானேஜர் ஏதோ ஒரு வெளிநாட்டுச் சுரங்கப் பத்திரிகையைப் புரட்டினார். அதில் வழி சொல்லியிருந்தது. எடுத்த கல்லின் சக்கையையே பசையோடு கலந்து, காலியான குழிக்குள் திருப்பி நிரப்பி, கெட்டிப்பட விட்டால், மலை தானே தன்னைத் தாங்கிக்கொள்ளும். சிமெண்ட் சேர்க்கச் சொல்லியிருந்தது. சிமெண்ட் முழுவதும் சண்டைக்குப் போய்விட்டிருந்தது. சுண்ணாம்பும் செங்கல் தூளும் சேர்க்கலாம் என்று மானேஜர் முடிவு செய்தார். இது நல்ல முடிவு; அவருடையதே. நியாயமாக அவருக்குச் சேர வேண்டியதை நாம் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது.

சேந்தமங்கலத்து வியாபாரி ஜாபர் உசேன் சுண்ணாம்பையும் செங்கல் தூளையும் கழுதைகள் மேல் ஏற்றிக்கொண்டு மலையேறி வந்தார். ஏற்றத்தில் கழுதைகளைவிட அவருக்கு அதிகம் மூச்சு வாங்கியது.

"ஏனுங்க அர்த்தனாரி, இத்தனை சுண்ணாம்பு. மானேஜருக்கு மாளிகை எழுப்பறீங்களா?"

"இல்லீங்க பாய். பூமிக்கு அடியில நிரப்பறோம்."

ஜாபர் உசேன் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து யோசித்தார். "எங்க அப்பா காலத்துல இருந்து எல்லாரும் மேல பார்த்துத்தான் கட்டினாங்க. நீங்க கீழே பார்த்துக் கட்டறீங்க. ஆக, இனிமே ரெண்டு பக்கமும் சுண்ணாம்பு வேணும். அல்லாவுக்கு நன்றி சொல்லணும்."

இந்தக் கதையில் முதலில் நன்றி சொன்னவர் அவர்தான்.

மிஷின் கொட்டகையிலிருந்து அத்தாயியின் வீட்டுப் பக்கம் வரை மானேஜர் மரத்தில் ஒரு நீண்ட வாய்க்கால் செய்ய வைத்தார். வீட்டுக்குப் பத்தடி தள்ளி, கீழே இருக்கிற குழிக்குள் இறங்கும்படி ஒரு துளை தோண்டப்பட்டது. சக்கைக் குழம்பு வாய்க்காலில் ஓடி வந்து, துளை வழியாகத் தானே இறங்கி, குழியை நிரப்பிக்கொள்ளும். மனிதன் கை படவே வேண்டாம். கலக்குகிற வேலை மட்டும் ஊர்ப் பெண்களுக்கு.

கலக்க வந்த பெண்களின் முன்னால் மானேஜர் ஒரு சாதிக்காய்ப் பலகைப் பெட்டி மேல் ஏறி நின்றார். பத்திரிகையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டார். சக்கை, சுண்ணாம்பு, செங்கல் தூள், தண்ணீர் எல்லாம் சேர்த்து, பாரிட்ஜ் பதத்துக்கு வரும் வரை கலக்க வேண்டும் என்று இங்கிலீஷில் அறிவித்தார்.

அர்த்தனாரி திகைத்தார். பாரிட்ஜ் என்ற சொல் அவருக்குத் தெரியும், பண்டம் தெரியாது. ஆனால் பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷ் பாடப் புத்தகத்தில் ஒரு படம் இருந்தது. ஒரு வெள்ளைக்காரப் பையன், முன்னால் ஒரு கிண்ணம், கிண்ணத்தின் நடுவில் ஒரு கரண்டி. கரண்டி யாரும் பிடிக்காமல் நேராக நின்றுகொண்டிருந்தது. கரண்டி நிற்கிற பண்டம் அவர் அறிந்து உலகத்தில் ஒன்றுதான்.

"களிப் பதத்துக்குக் கிண்டோணுமாமுங்க" என்றார்.

மானேஜர் பெட்டியின் மேல் ஆடிப்போனார். வாய்க்காலில் ஓட வேண்டிய பண்டம் கஞ்சியாக அல்லவா இருக்க வேண்டும்? 'அட மடையா, கஞ்சிடா' என்ற வாக்கியம், சுத்தமான பேளுக்குறிச்சித் தமிழில், அவர் தொண்டை வரை ஏறி வந்தது. அங்கே நின்றது. தமிழில் சொல்ல முடியாது. இங்கிலீஷில் திருத்தலாம்தான், ஆனால் குமாஸ்தா சொன்னது தப்பு என்று தமக்கு எப்படித் தெரிந்தது என்ற கேள்வி வரும். நிற்க முடியாமல் நின்ற அந்த வாக்கியம் கடைசியில் ஓர் இருமலாக வெளியே வந்தது.

"பாரிட்ஜ்" என்று மறுபடியும், அழுத்தமாக, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார்.

"ஐயா ரெண்டாந்தடவையும் சொல்லிட்டாரு. நல்ல கெட்டிக் களியா இருக்கோணுமாம்" என்றார் அர்த்தனாரி.

மானேஜர் பெட்டியை விட்டு இறங்கினார்.

பெண்கள் வேலையைத் தொடங்கினார்கள். கொல்லிமலைப் பெண்ணிடம் களி கிண்டச் சொன்ன பிறகு வேறு விளக்கம் தேவையில்லை. சுண்ணாம்பில் கை பொத்துப் போகாமல் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு, வீட்டிலிருந்து களி கிண்டும் கட்டைகளையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். கெட்டியாகக் கிண்டி இறக்கிய சக்கையை வாய்க்காலில் கொட்டினார்கள். அது வாய்க்காலில் ஓடவில்லை. உட்கார்ந்துகொண்டது. கோலால் குத்திப் பார்த்தார்கள், கோலைப் பிடித்துக்கொண்டது.

"உருட்டித்தான் போடோணும்" என்றாள் ஒருத்தி. களியை உருட்டாமல் பின்னே எப்படிப் போடுவது? தலையளவு தலையளவு உருண்டைகளாக உருட்டி, கூடையில் சுமந்து, துளைக்குள் போட்டார்கள். கீழே செங்கோடனும் மற்ற ஆண்களும் அவற்றைப் பரப்பித் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கினார்கள். பெண்கள் சுரங்கத்துக்குள் இறங்கக் கூடாது என்று சட்டம் இருந்தது. மேலே இருந்து உருண்டையை எவ்வளவு வேகத்தில் போடலாம் என்பதற்குச் சட்டம் இல்லை.

அந்த வேகத்தில் எல்லோரையும் மிஞ்சியவள் பாப்பாயி.

அவள் வருவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கூப்பிடவும் இல்லை. காலையில் முதல் ஆளாக வந்து, சாயங்காலம் கடைசி ஆளாகப் போனாள்.

"ஏனக்கா, எம்பட ஊட்டுக்கு நீ எதுக்கு இந்தப் பாடு படறே?" என்றாள் அத்தாயி, சந்தேகத்தோடு.

"உம்பட ஊட்டுக்கா? எம்பட ஊட்டுக்குப் பாடு படறேன். இது உளுந்தா நீ எங்க வருவே?"

"வேற எங்க, அங்கதான்."

"அதுக்குத்தான்" என்றாள் பாப்பாயி, இன்னோர் உருண்டையை ஓங்கிப் போட்டபடி. "உன்னோட இன்னொரு மழைக்காலம் ஒரே அடுப்புல என்னால ஆகாது சாமி. மலையையே பிசைஞ்சு போடறேன், நீ இங்கயே நல்லா இரு."

"உன்ற உருண்டையில உப்புப் பத்தலக்கா."

"உன்ற வாயில இருக்கறதை எடுத்துக்கிறேன்."

கீழே இடித்துக்கொண்டிருந்த செங்கோடன் துளைக்கு அடியில் தலையை நீட்டி, "கொஞ்சம் மெல்லப் போடுங்க, தலைக்கு மேல உளுகுது" என்றான். இந்த ஒரு விஷயத்தில் இரண்டு பெண்களும் ஒன்றாகச் சேர்ந்து அவனுக்குப் பதில் சொன்னார்கள்.

தம் வாய்க்கால் சும்மா கிடப்பது மானேஜருக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்குச் சோளக்காடு என்ற ஊரில் சந்தை. பெண்கள் எல்லோரும் மிளகு மூட்டையோடு சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, கீழ்நாட்டிலிருந்து வந்த கம்பெனிக் கூலிகளைக் கூப்பிட்டார். தாம் நினைத்தபடி, கஞ்சிப் பதத்தில், ஒரு பெரிய கலவையைக் கலக்கச் சொன்னார். சைகையால்தான் சொன்னார், கஞ்சி குடிப்பதைச் சைகையில் காட்டுவது சுலபம். கலவை வாய்க்காலில் அழகாக ஓடியது. மானேஜர் அதன் பக்கத்திலேயே, ஒரு தேரோடு நடப்பவர் போல, கூடவே நடந்தார். வாய்க்காலின் முனையைத் திருப்பி வைத்திருந்ததால், பெரிய குழிக்குப் பக்கத்தில் தனியாக இருந்த ஒரு சின்னக் குழிக்குள் அது இறங்கியது. இறங்கி, நிற்காமல், பாறை இடுக்குகள் வழியாக மலைக்கு வெளியே வந்து, ஓடையில் கலந்தது. மணல் மட்டும் குழிக்குள் சேறாகத் தங்கியது. சுண்ணாம்பு முழுவதும் தண்ணீரோடு போய்விட்டது.

சந்தையிலிருந்து திரும்பிய பாப்பாயி ஓடையில் ஒரு வெள்ளை எருமையைக் கண்டாள். வேறு யாருடையதோ என்று விரட்டிவிட்டாள். அது அவள் வீட்டுக்கே போய்க் கட்டுத்தறியில் நின்றது.

மானேஜர் இந்தச் சம்பவத்தை 'ஒப்பீட்டுப் பரிசோதனை' என்று கம்பெனிக்குத் தெரிவித்தார். தமது கெட்டிப் பத முறையின் மேன்மையை நிலைநாட்டும் பொருட்டு, வேண்டுமென்றே செய்யப்பட்ட தோல்வி அது. மறுநாள் முதல் உருண்டைகள் போவதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றார். இருமவும் இல்லை.

மழைக்காலம் முக்கால்வாசியும் மலைக்குக் களி கிண்டினார்கள். ஓடையோரம் குவிந்திருந்த சக்கைமேடு கரைந்துகொண்டே வந்தது. பள்ளத்து வயல்காரர்கள் தங்கள் நெல்லின் கால்களைப் பல நாளுக்குப் பிறகு பார்த்தார்கள். கடைசியில் துளையின் வாய் வரை நிரம்பிற்று. பாப்பாயி மேலே இன்னும் ஓர் உருண்டை வைத்து, கையால் தட்டி, "இதுக்கு மேல அது கேக்காது" என்றாள்.

நிரப்பியாயிற்று. இறுகியதா என்பது எப்படித் தெரியும்? மானேஜர் அத்தாயி வீட்டுச் சுவரில், விரிசலுக்குக் குறுக்கே, ஒரு கண்ணாடித் துண்டை இரு முனையிலும் சாந்து வைத்து ஒட்டினார். சுவர் மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். முதல் கண்ணாடி உடைந்தது. அத்தாயி அன்றைக்குச் சாப்பிடவில்லை. மூட்டை கட்டலாமா என்று செங்கோடன் கேட்டான்; அவள் பார்த்த பார்வையில் ஆட்டுப் பட்டிக்குப் போய்விட்டான். இரண்டாவது கண்ணாடியில் கீறல் விழுந்தது. மூன்றாவது அப்படியே இருந்தது. மறுநாளும் இருந்தது. அதற்கடுத்த வாரமும் இருந்தது.

அத்தாயி அந்தக் கண்ணாடிக்கு மஞ்சள் பூசி, குங்குமப் பொட்டு வைத்து, ஒரு விளக்கும் ஏற்றினாள். பாப்பாயி வந்து பார்த்தாள். கண்ணாடியை அல்ல, கண்ணாடிக்கு வைத்த பூவைப் பார்த்து, "வாடிப்போச்சு, மாத்தக் கூடாதா?" என்றாள். மறுநாள் தானே பூப் பறித்துக்கொண்டு வந்தாள். இப்படியாக, ஒரே வீட்டில் இருக்க முடியாத இருவரும் இரண்டு வீட்டில் இருந்துகொண்டு நாள்தோறும் சந்திக்கத் தொடங்கினார்கள்.

மானேஜரும் குமாஸ்தா இல்லாமல் தனியாக அடிக்கடி வந்து கண்ணாடியைப் பார்த்துவிட்டுப் போனார். ஒரு நாள் வெயிலில் ஏறி வந்து வேர்க்க விறுவிறுக்க, தொப்பியையும் கழற்றாமல் நின்றவரைப் பார்த்து, அத்தாயி, "சாமி, மோர் குடிக்கிறீங்களா?" என்றாள்.

"வேண்டாமுங்க, இப்பத்தான் குடிச்சுட்டு வாரேன்" என்றார் மானேஜர்.

சொன்ன பிறகுதான் இருவருக்கும் தெரிந்தது. அத்தாயி அடுப்பைப் பார்த்தாள். மானேஜர் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு அவர் இறங்கிப் போனார். அவருடைய மானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று அத்தாயி இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. பாப்பாயியிடம் மட்டும் சொன்னாள். ஆகையால் நாடு முழுவதற்கும் தெரியும். எல்லோரும் அவர் எதிரில் முன்னைப் போலவே தமிழ் புரியாதவராக அவரை நடத்தினார்கள். அவருக்கு அவர்கள் செய்த மரியாதை அது.

மழை விட்டது. துரை வந்தார். ஸ்காட்லாந்துக்காரர்; செக்கச் செவேலென்று, உயரமாக, மலையேறியும் மூச்சு வாங்காதவர். குழிக்குள் இறங்கி, நிரப்பிய சக்கையைச் சுத்தியலால் தட்டினார். கல்லைத் தட்டிய சத்தம் வந்தது. மேலே வந்து வீட்டைச் சுற்றினார். விளக்கெரியும் கண்ணாடியை மூக்கு படுகிற தூரத்தில் பார்த்தார். பிறகு அத்தாயியின் பக்கம் திரும்பி, தெளிவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்:

"அம்மணி, நும் இல்லம் நிலைபெயராது நிற்றல் கண்டு யான் பேருவகை எய்தினேன்."

அத்தாயி கை கூப்பினாள். பிறகு பக்கவாட்டில் மெதுவாக, "கிளார்க்கையா, தொரெ இங்கிலீசுல என்னமோ சொல்றாரு, என்னன்னு கேட்டுச் சொல்லுங்க" என்றாள்.

"அது தமிழுங்க" என்றார் அர்த்தனாரி.

"எந்த ஊர்ல பேசறது?"

"ஊடு நிக்கிறதுல தொரெக்குச் சந்தோசமாம்."

"அதை இப்படிச் சொன்னா ஆச்சு" என்றாள் அத்தாயி.

துரை மானேஜரிடம் இங்கிலீஷில், இந்த மக்களின் மொழியைத் தாங்கள் கற்றுக்கொள்ளாதது வருந்தத்தக்கது என்றும், அது அப்படியொன்றும் கடினமில்லை என்றும், தம்மிடம் ஓர் இலக்கணப் புத்தகம் இருக்கிறது, வேண்டுமானால் அனுப்புவதாகவும் சொன்னார். மானேஜர் அவருக்கு நன்றி சொன்னார்.

அத்தாயியும் பாப்பாயியும் சேர்ந்து சமைத்திருந்தார்கள். ராகிக் களியும் கீரைக் குழம்பும். துரையின் முன்னால் உருண்டையை வைத்ததும், அவர் விரலால் அமுக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. தம்முடைய ஊரில் காலைதோறும் தாம் சாப்பிடும் பாரிட்ஜ் இப்படியேதான், இதே கெட்டியில்தான் இருக்கும் என்றும், கரண்டி அதில் நேராக நிற்க வேண்டும் என்பது தம் தாயாரின் கட்டளை என்றும் சொன்னார். அர்த்தனாரி தலை நிமிர்ந்து மானேஜரைப் பார்த்தார். சீமையில் இருந்த காலமெல்லாம் அறைக்குள் அரிசிச் சோறு பொங்கித் தின்ற மானேஜர், குழம்பைப் பார்த்தார்.

ஆனாலும் அன்றைக்கு அங்கே யாருக்கும் யார் மேலும் கோபம் இல்லை. எல்லோருக்கும் எல்லோரிடமும் நன்றி. துரை திருப்தி என்று எழுதிக் கொடுத்தார், கம்பெனி பிழைத்தது. மானேஜரின் வேலை நிலைத்தது. ஜாபர் உசேன் அடுத்த குழி எப்போது என்று விசாரித்தார். செங்கோடன், தான் கீழே இடிக்காவிட்டால் மேலே போட்டு என்ன பயன் என்று எல்லோருக்கும் ஒருமுறை நினைவூட்டினான். நானும் யோசித்துப் பார்க்கிறேன். மானேஜர் அன்றைக்குப் பெட்டி மேலிருந்து நாலு வார்த்தை தமிழ் பேசியிருந்தால் வீடு போயிருக்கும். பேசாமல் இருந்ததற்காக அவருக்கு உண்மையாகவே கடமைப்பட்டிருக்கிறோம்.

அப்போதுதான் அத்தாயி எழுந்து வந்து மானேஜர் முன்னால் நின்றாள்.

"கிளார்க்கையா, ஐயாகிட்டச் சொல்லுங்க. ஊடு ஆடுன அன்னைக்கு எட்டுக்கை அம்மனுக்கு ஒண்ணு வேண்டிக்கிட்டேன். எம்பட ஊட்டை எவரு நிறுத்திக் குடுக்கறாரோ, அவரு முடியை உனக்கு எறக்கறேன் ஆத்தான்னு. நாளைக்கே நல்ல நாளுங்க."

"உன்ற முடியைக் குடுக்கறதுக்கென்ன?" என்றான் செங்கோடன்.

"எம்பட முடி எத்தனையோ தடவை குடுத்தாச்சு. அம்மனுக்கே சலிச்சுப்போச்சு. ஊட்டை நிறுத்துனவரு முடின்னா அது தனி" என்றாள் அத்தாயி. அவள் கண் கலங்கியிருந்தது. "பெத்த புள்ளைக்குத்தான் இப்படி வேண்டுவாங்க. நான் இவருக்கு வேண்டிக்கிட்டேன்."

துரை, இது போற்றத்தக்க வழக்கம் என்றார். தாமும் கோயிலுக்கு வருவதாகச் சொன்னார். மானேஜரின் கை தொப்பிக்குப் போயிற்று. அர்த்தனாரியின் காதுக்குள், இங்கிலீஷில், அது நடக்கவே நடக்காது என்று அவளிடம் சொல் என்றார்.

அர்த்தனாரி அத்தாயியின் முகத்தைப் பார்த்தார். மானேஜரைப் பார்த்தார். இத்தனை காலம் மொழிபெயர்த்ததில் தாம் செய்த ஒரு தப்புதான் இந்த வீட்டை நிறுத்தியது என்பது அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

"ஐயாவுக்குப் பரம சந்தோசமுங்க. காலையிலயே வந்துடறாராம்" என்றார்.

மானேஜர் வாயைத் திறந்தார். சுற்றிலும் நாடே நின்றது, துரையும் நின்றார். வாயை மூடிக்கொண்டார்.

மறுநாள் காலையில் எட்டுக்கை அம்மன் கோயில் முன்னால் மேளம் அடித்தது. பாப்பாயி தாம்பாளத்தோடு நின்றாள். முடியை வாங்க அத்தாயி புதுத் துணி விரித்திருந்தாள். முடி எடுக்கிற குழந்தைசாமி கத்தியைத் தீட்டி, தண்ணீரைத் தொட்டுக்கொண்டு, "மன்னிக்கோணுமுங்க" என்று சொல்லி மானேஜரின் தொப்பியைத் தூக்கினார்.

உள்ளே முடி இல்லை.